கிரீன் டீயும் கெமிஸ்ட்ரி லேபும்

பர்னர் எரியும்போது ஃபேன் ஓடக் கூடாது. வேதியியல் லேபின் முதல் விதி அது. பழங்காநத்தத்துப் பக்கத்துப் பெண்கள் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் ஆனிமேரி டீச்சர்தான். ஐம்பத்தொன்றாவது வயதில் அந்த விதியே அவளைப் பாடாய்ப் படுத்தியது.

கழுத்தடியில் கிளம்பும் சூடு ஒரே மூச்சில் நெற்றிவரை ஏறும். ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி மழையிலும் அப்படித்தான். ஒருநாள் முப்பது பிள்ளைகள் பர்னர் ஏற்றி நிற்கையில், தாங்க முடியாமல் வராந்தாவுக்குப் போய் நின்றுவிட்டாள். இரண்டாவது தடவை அப்படிப் போனபோது எதிரே தலைமை ஆசிரியை சிஸ்டர் வந்துகொண்டிருந்தார்.

சிஸ்டர் கோபப்படவில்லை. வரும் வருஷம் ஒன்பது, பத்தாம் வகுப்பு எடுத்துக்கொள்கிறீர்களா, பொதுத்தேர்வு செய்முறை முடிவதற்குள் சொல்லுங்கள் என்றார். அந்தக் கனிவுதான் ஆனிமேரியை உறுத்தியது. பிளஸ் டூ லேபை விட்டுவிட்டு அவளுக்கு அந்தப் பள்ளியில் வேறென்ன இருக்கிறது?

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கும் அவள் கணவர் இன்பசேகரன், செல்போனில் வந்ததைப் படித்துவிட்டுக் காளவாசலில் ஒரு டப்பா கிரீன் டீ வாங்கி வந்தார்.

"எல்லாத்துக்கும் இதுல மருந்து இருக்காம் மேரி. சூடு, மறதி, மூட்டுவலி, தொப்பை."

"தொப்பைக்கு நீங்க குடிங்க."

அவர் குடிக்கவில்லை. அவள் குடித்தாள். பால் டீக்குக் கொதிக்க விடுவதுபோல் கொதிக்க விட்டதில் முதல் நாள் வேப்பங்கொழுந்தாகக் கசந்தது. கூட வேலை பார்க்கும் தாவரவியல் டீச்சர் ஜானுதான் சொல்லிக்கொடுத்தாள்: வெந்நீரை இறக்கி, சற்று ஆறவிட்டு, இலையைப் போட்டு இரண்டு நிமிஷத்தில் வடிகட்ட வேண்டும். அப்புறம் ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர் ஆனது. இட்லியோடு ஒன்று, இடைவேளையில் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டோடு ஒன்று, வீடு வந்ததும் ஒன்று, ஜெபமாலை முடிந்ததும் ஒன்று. ஐந்து டம்ளர் தொடங்கிய திங்கட்கிழமையே காபியை நிறுத்தினாள். இரவுச் சோற்றை நிறுத்தினாள். காலை நடையும் தொடங்கினாள்.

பழக்கதோஷம், ஒரு நோட்டில் கட்டம் போட்டு எல்லாம் எழுதினாள். எத்தனை டம்ளர், எத்தனை தடவை சூடு, எத்தனை மணி நேரத் தூக்கம். மூன்று வாரமாகியும் சூடு குறையவில்லை. தூக்கம்தான் குறைந்தது. ஸ்டாஃப் ரூமில் ஜானு அந்த நோட்டைப் புரட்டினாள்.

"இத உங்க பிள்ளைங்க எழுதிட்டு வந்தா கையெழுத்துப் போடுவீங்களாக்கா?"

"ஏன், என்ன குறை?"

"நாலு விஷயத்த ஒரே நாள்ல மாத்திருக்கீங்க. எது குணமாக்குது, எது கெடுக்குதுன்னு எப்படித் தெரியும்?"

ஆனிமேரிக்குச் சூடு இல்லாமலேயே முகம் சிவந்தது. இதே தப்புக்கு எத்தனை பிள்ளைகளின் நோட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். வாரத்துக்கு ஒரு மாற்றம், அவ்வளவுதான். சாயங்கால டீ இரண்டையும் விட்ட வாரத்தில் தூக்கம் திரும்பியது. தூக்கம் வந்ததும், பத்துப் பதினொரு தடவை வந்த சூடு ஏழாகக் குறைந்தது. சில மாதமாக மாடிப்படி ஏறினாலே வந்த மூச்சிரைப்பு மட்டும் எதை மாற்றியும் போகவில்லை. ஜானு விடாமல் நச்சரித்து டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள்.

டாக்டரம்மா நோட்டை ஒரு பக்கம் விடாமல் வாசித்தார். ஒரு வருஷமாக மாதவிலக்கு தாறுமாறாகவும் அதிகமாகவும் போவதைக் கேட்டுக்கொண்டு, ரத்தமும் ஸ்கேனும் பார்க்கச் சொன்னார். ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை. ரத்தத்தில்தான் ஹீமோகுளோபின் ஒன்பதுக்கு இறங்கியிருந்தது; மூச்சிரைப்பு அதனால்தான். சாப்பாட்டோடு டீ குடித்தால் உணவில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது என்றார். கிரீன் டீ நல்ல பானம்தான், ஆனால் இந்தச் சூட்டுக்கு அதுதான் மருந்து என்று நம்ப ஆதாரம் போதாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி, பகலில் ஒன்றிரண்டு டம்ளர் போதும். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"மெனோபாஸ் வியாதி இல்லம்மா. அதுக்காகப் பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கணும்னும் இல்ல. இன்னும் முடியலன்னா வாங்க, வேற வைத்தியம் இருக்கு."

தை பிறந்தபோது படியேற மூச்சு வாங்கவில்லை. சூடு மட்டும் நாலைந்து தடவை வந்துகொண்டுதான் இருந்தது. சரி, அது வரட்டும், லேபை மாற்றுவோம் என்று முடிவு செய்தாள். ஒரு சனிக்கிழமை லேப் உதவியாளர் சோணையை வைத்து மேசைகளை நகர்த்தினாள். பர்னர் வேண்டிய உப்புப் பகுப்பாய்வு உள்சுவரோரம் போனது. தீயே தேவைப்படாத டைட்ரேஷன் வாசல் பக்கத்து ஃபேனுக்குக் கீழே வந்தது. ஃபேனை ஓடவிட்டு, சுவரோரத்து பர்னர் ஒவ்வொன்றையும் ஏற்றிப் பார்த்தாள். ஒரு சுடர்கூட அசையவில்லை.

திங்கட்கிழமை பிள்ளைகளிடம் நேராகவே சொன்னாள்.

"எனக்கு மெனோபாஸ். திடீர்னு வேர்க்கும். அப்ப அந்த ஃபேனுக்குக் கீழ போய் நிப்பேன். அங்கேருந்து எல்லாரையும் பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்."

"எங்கம்மாவுக்கும் அப்படித்தான் மிஸ். கோவம்தான் ரொம்ப வருது" என்றாள் ஒருத்தி.

"கோவம் எனக்கு முன்னாடியே உண்டு."

லேபே சிரித்தது.

செய்முறைத் தேர்வுக்குச் சோழவந்தானிலிருந்து வெளித்தேர்வாளர் வந்திருந்தார். இரண்டாவது அணியின்போது சூடு கிளம்பியது. ஒளிக்கவில்லை, காரணத்தை ஒரே வாக்கியத்தில் அவரிடம் சொல்லிவிட்டு ஃபேனுக்குக் கீழே போய் நின்று, அங்கிருந்தே கண்காணித்தாள். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் கேள்வி கேட்கப் போனார். அறுபது பிள்ளைகள் எழுதி முடித்தார்கள். ஒரு நிமிஷம்கூட லேப் ஆளில்லாமல் இருக்கவில்லை.

அன்று சாயங்காலமே சிஸ்டர் அறைக்குப் போனாள்.

"பிளஸ் டூ எங்கிட்டயே இருக்கட்டும் சிஸ்டர்."

சிஸ்டர் சரி என்றார். ஆனிமேரி எழுந்திருக்கவில்லை.

"இன்னொண்ணு. ஸ்டாஃப் ரூம்ல நாப்பத்தஞ்சு தாண்டினவங்க ஒம்பது பேர் இருக்கோம். ஓடுற ஃபேன் ஒண்ணுதான்."

சிஸ்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பேனாவை எடுத்தார்.

"பத்துன்னு வச்சுக்குங்க டீச்சர்" என்றார்.