ஊருக்குப் போகாத அலுமாரி

எங்கள் வீட்டில் எதுவும் நிரந்தரமில்லை என்பதை நான் தத்துவப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அப்பா அதைத் தினமும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறினார். இலங்கையில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒற்றை அறையில், நாங்கள் குடியிருக்கிறோம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அப்பாவைப் பொறுத்தவரை நாங்கள் கப்பலுக்குக் காத்திருந்தோம். கதவோரம் இரண்டு தகரப் பெட்டிகள் எப்போதும் தயாராக நின்றன. அப்பா சொல்லும் ‘ஊர்’ திருச்சிப் பக்கத்து ஏதோ ஒரு கிராமம். அதை அவர் கடைசியாகப் பார்த்தது தாயின் இடுப்பில் உட்கார்ந்தபடி.

அம்மா எது கேட்டாலும் ஒரே பதில்தான்.

“ஊருக்குப் போற சனத்துக்கு இதெல்லாம் எதுக்கு புள்ள?”

ஆகவே எங்களிடம் ஆட்டுக்கல் இல்லை. அடுத்த வீட்டில் அரைத்துக்கொண்டோம். எங்கள் வீட்டுப் பூனைகூட அடுத்த வீட்டுப் பூனைதான். சாப்பிட மட்டும் வரும். நானும் அடுத்த வீட்டுப் பிள்ளையோ என்று எனக்குச் சில நாள் சந்தேகம் இருந்தது. வளர்ந்த பிறகு என் மூக்கைக் கண்ணாடியில் பார்த்து, அப்பாவுடையதுதான் என்று வருத்தத்தோடு உறுதி செய்துகொண்டேன்.

துணிகள் எல்லாம் அறைக்குக் குறுக்கே கட்டிய கொடியில் தொங்கும். கீழிருந்து அடுப்புப் புகை. மேலே தகரக் கூரையிலிருந்து சொட்டுத் தண்ணீர். மழை மாதங்களில் மூடுபனி கதவைத் தட்டாமல் உள்ளே வந்து சட்டைகளைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போகும். ஒரு நாள் அம்மா தகரப் பெட்டியைத் திறந்தபோது கல்யாணச் சேலையில் உள்ளங்கை அகலத்துக்குத் துருக்கறை. அம்மா அழவில்லை. அதுதான் அப்பாவைப் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

“எனக்கு ஒரு அலுமாரி வேணும்” என்றாள்.

சுவரில் பலகை அடித்துத் தருவதாக அப்பா இறங்கி வந்து பார்த்தார். நடக்கவில்லை. லயத்துச் சுவரில் ஆணி அடித்தால் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா சத்தம் போடுவார், சுவர் தோட்டத்தினுடையது. அடித்த பலகையும் பிறகு தோட்டத்தினுடையதாகிவிடும். சுவரைத் தொடாமல், யார் தயவும் இல்லாமல், தன் காலில் நிற்கிற ஒன்றுதான் அம்மாவுக்கு வேண்டியிருந்தது.

செய்துதர முன்வந்தவர் என் தாய்மாமா. தேயிலைத் தொழிற்சாலையில் பெட்டி அடைக்கும் பகுதியில் வேலை. பெட்டிக்கு ஆணி அடிக்கிறவன் அலுமாரிக்கு அடிக்க மாட்டானா என்பது அவருடைய தர்க்கம். அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ஊருக்குப் போகும்போது கழற்றி எடுத்துப் போகிற மாதிரி இருக்க வேண்டும்.

“மச்சான், கவலையே படாதீங்க. நாலு ஆணிய உருவினா போதும். பாய் மாதிரி சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டுக் கப்பல் ஏறலாம்.”

“நீ செஞ்ச முக்காலியில ஒக்காந்துதானடா ஒங்க சின்னம்மாவுக்கு இடுப்பு போச்சு?”

“அது அவங்க இடுப்புக் கோளாறுங்க மச்சான். முக்காலி நல்லாத்தான் இருக்கு.”

கழித்துப் போட்ட தேயிலைப் பெட்டிகளின் பலகை வந்து சேர்ந்தது. உள்பக்கம் ஈயத்தாள் பளபளத்தது. வெளிப்பக்கம் தோட்டத்தின் பெயர் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. மாமா கதவை அடித்து நிறுத்தியபோது எழுத்துகள் தலைகீழாக நின்றன. நான் ஆங்கிலம் படிக்கத் தொடங்கியது அந்தக் கதவில்தான். என் ஆங்கிலத்தில் இன்றைக்கும் குறை காண்கிறவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

பலகை சரி, கால்களுக்கு மரம்? அப்போது மலையில், தேயிலைக்கு நிழலாக நட்ட முள்முருங்கை மரங்களைக் கிளை கழித்துக்கொண்டிருந்தார்கள். கேட்பாரற்றுக் கிடந்ததில் தொடை பருமனுக்கு நான்கு கட்டைகளை மாமா இழுத்து வந்தார். பட்டையைச் சீவச் சோம்பல்பட்டு, “அது ஒரு அழகுக்கா” என்று விட்டுவிட்டார். நிறுத்தினால், மண் தரையில் அலுமாரி பெருநாளுக்குக் குடித்தவர் மாதிரி ஆடியது. மாமா யோசித்தார். நான்கு குழி தோண்டி, கால்களை இறக்கி, மண் போட்டு மிதித்தார். அலுமாரி நின்றது.

முள்முருங்கைக் கம்பை எங்கே ஊன்றினாலும் துளிர்க்கும் என்பது எங்கள் மலையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அலுமாரியான பிறகும் அது முள்முருங்கைதான் என்பது லயத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அம்மா கொடியை அவிழ்த்தாள். எங்கள் துணிகளில் புகை வாடை போய்த் தேயிலை வாசம் வந்தது. வேலை முடிந்து கூடையை இறக்கியதும் கை கழுவிவிட்டு, அலுமாரிக் கதவை ஒரு முறை திறந்து மூடுவாள். உள்ளேயிருந்து எதையும் எடுக்க மாட்டாள்.

மழைக்காலம் முடியுமுன் நான்தான் அதைக் கண்டேன். பின்சுவரில் கையகல ஜன்னல் ஒன்று இருந்தது. அந்த வெளிச்சத்தை நோக்கி, அலுமாரியின் பின்காலிலிருந்து வெளிறின ஒரு தளிர் எட்டிப் பார்த்தது.

“அம்மா, அலுமாரி மொளைக்குது!”

அம்மா குனிந்து பார்த்துவிட்டு என் வாயைப் பொத்தினாள். “ஒங்கப்பாகிட்ட ஓதாத.”

அதன் பிறகு நாங்கள் குடித்து மிஞ்சிய பாலில்லாத் தேநீரில், சாயத்தண்ணியில், அதற்கும் பங்கு போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வந்த மாமா பார்த்துவிட்டு, சுவரில் சாய்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். “எக்கா, தொர பங்களாவுலகூட உசுரோட அலுமாரி கெடையாதுக்கா!”

எங்களை எந்த நாட்டுக் கணக்கில் சேர்ப்பது என்று கொழும்பும் டில்லியும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. பேசி முடித்துவிட்டதாக ஒரு நாள், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் செய்தி வந்தது. பாதிச் சனம் போக வேண்டுமாம். அடுத்த வீட்டுக்காரர் போவதாகச் சொல்லிவிட்டார். அன்று மாலை அப்பா தகரப் பெட்டிகளைத் துடைத்து எண்ணெய் போட்டார்.

“நாமளும் போயிருவோம் புள்ள.”

“எம்புள்ள இங்க கெடக்கு. நான் எங்கயும் வரல” என்றாள் அம்மா.

நான் அப்போது அடுப்படிச் சாக்கில் சுருண்டு கிடந்தேன். என்னைத்தான் சொல்கிறாள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கு முன்னால் பிறந்து, பெயர் வைக்கும் முன்பே போய்விட்ட ஒரு அக்கா லயத்துக்கு மேலே தேயிலைக்குள் படுத்திருக்கிறாள் என்பது பிறகுதான் எனக்குச் சொல்லப்பட்டது. அவளைத் தன் கையால் புதைத்தவர் அப்பாதான்.

ஆனாலும் அடுத்த ஞாயிறு காலை மாமாவை அழைத்து, “கழட்டு” என்றார்.

மாமா கூரையைப் பார்த்தார். “இன்னைக்கு நாள் சரியில்லைங்க மச்சான்.”

“பாய் மாதிரி சுருட்டலாம்னியேடா?”

அப்பாவே அலுமாரியைக் கட்டிப்பிடித்து இழுத்தார். பலகை முனகியது, கால் அசையவில்லை. வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அம்மா அடுப்படியிலிருந்தே, “அது வராதுங்க” என்றாள்.

“ஏன் வராது?”

“வராது.”

அப்பா தரையில் படுத்து, சுவருக்கும் அலுமாரிக்கும் நடுவே தவழ்ந்து போனார். வெளியே பாதங்கள் மட்டும் தெரிந்தன. வெகுநேரம் அவை அசையவே இல்லை.

“என்ன அண்ணே, உள்ளயே குடி போயிட்டீங்களா?” என்றார் அடுத்த வீட்டுக்காரர். கூட்டம் சிரித்தது.

“டேய், கத்திய எடு” என்று உள்ளேயிருந்து என்னைக் கேட்டார் அப்பா.

அப்பாவுக்குக் கவ்வாத்து வேலை; தேயிலைச் செடிகளைத் தறிக்கிற வளைந்த கத்தி கூரையில் செருகியிருக்கும். எடுத்துக் கொடுத்தேன். ஒரே வெட்டுத்தான் கேட்டது. அப்பா இலையோடு வெளியே வந்து, வாசலில் நின்ற ஆட்டுக்கு அதைப் போட்டார். முதுகெல்லாம் மண். “வேலையப் பாருங்க” என்று கூட்டத்தைக் கலைத்துவிட்டுப் பீலிக்குக் குளிக்கப் போய்விட்டார்.

நான் அழுதேன். அப்பா அலுமாரியைக் கொன்றுவிட்டார் என்றே நினைத்தேன். அம்மா அலுமாரிக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தவள், பண்டிகைக்கு என்று வைத்திருந்த நெத்தலிக் கருவாட்டை எடுத்து வறுத்தாள். அப்பாவுக்குப் பிடித்தது. இவளும் அவர் கட்சியா என்று நான் கோபித்துக்கொண்டு சாப்பிடவில்லை. அதாவது, முதல் தடவை கூப்பிட்டபோது சாப்பிடவில்லை.

அந்த வருடம் நாங்கள் போகவில்லை. அதற்கடுத்த வருடமும் போகவில்லை. பெட்டிகளுக்கு எண்ணெய் போடுவதை அப்பா நிறுத்தவுமில்லை. கடைசியில் அவர் மகள் படுத்திருக்கும் மேட்டிலேயே அவளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டார். வரமாட்டேன் என்ற அம்மாவை நான்தான் கப்பலேற்றி, அவர் கிராமத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். வெயில் தாங்காமல் அவள் மத்தியானம் முழுக்கத் தரையில் படுத்திருக்கிறாள்.

நாங்கள் புறப்படுவதற்கு முன், படிப்பு ஏறாத குறைக்கு, நானும் சில காலம் கவ்வாத்துக் கத்தி பிடித்தேன். நான் வெட்டிய செடிகள் என்னை மன்னித்திருக்காது. ஆனால் ஒன்று கற்றுக்கொண்டேன். வேண்டாத செடியைத் தூரோடு எடுப்பார்கள். வேண்டிய செடியை, கணுவுக்கு ஒரு விரல் மேலே, மழைத்தண்ணீர் வழிந்து போகும்படி சரித்து வெட்டுவார்கள். ஒன்று இரண்டாகக் கிளைத்து வரும். அம்மா அன்று அலுமாரிக்குப் பின்னால் போய்ப் பார்த்தது அப்படிச் சரித்து வெட்டிய வெட்டை. எனக்கு அன்று தெரிந்ததெல்லாம் ஆட்டின் வாயில் இருந்த மூன்று இலை.