பீமில் ஒட்டிய கறுப்புத் துணி

ஏணியில் நின்ற அக்காவின் வலது கையில் ஒரு நாணயம். இடது உள்ளங்கை கான்கிரீட் பீமில் பதிந்திருந்தது. டக், டக் என்று ஒரே சீராக வந்துகொண்டிருந்த ஒலி, நடுவில் ஓர் இடத்தில் மட்டும் ‘தொப்’ என்று அமுங்கியது. கை அங்கே நின்று, சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டது.

ஏணிக்குக் கீழே தம்பி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். அச்சகம் அவனுடையது. மேல்மாடியில் பல வருடங்களாகக் காகிதக் கட்டுகளை அடுக்கியதில் பீம் விரிசல் விட்டிருந்தது. நடுவில் தூண் நிறுத்தினால் பெரிய இயந்திரத்துக்கு இடமிருக்காது. இயந்திரம் இல்லாமல் அச்சகம் ஏது? கார்பன் இழைத் துணி ஒட்டிப் பலப்படுத்தலாம் என்று கணக்குப் போட்டுத் தந்த இன்ஜினியர், ஒரு நிபந்தனையும் வைத்திருந்தார். வேலை முடிந்ததும் மேலே முழு எடையும் ஏற்றிப் பார்ப்பார். தாங்காவிட்டால் கட்டடத்தைக் காலி செய்ய வேண்டியதுதான்.

“ரொம்ப மோசமாக்கா?”

“சொத்தைப் பல்லுதான். சுரண்டி அடைச்சா சரியாயிடும். நீ முதல்ல மூச்சு விடு.”

ஊரே அவளைப் ‘பிசின் அக்கா’ என்றுதான் கூப்பிடும். கல்யாணமான புதிதில் மாமனாரின் பட்டறையில், ஓட்டை விழுந்த படகுகளுக்குக் கண்ணாடி இழையும் பிசினும் வைத்து ஒட்டுப் போட்டவள். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. ஒட்டு உரிந்து வந்தால், ஏன் உரிந்தது என்று விடாமல் பார்ப்பாள். படகிலிருந்து கட்டடத்துக்கு வந்தபோதும் அந்தப் பழக்கம் கூடவே வந்தது.

சொத்தையைக் கொத்தி எடுத்தாள். கம்பியின் துருவைத் தேய்த்து, புதுக் காரை நிரப்பி, அது இறுகும்வரை பொறுத்திருந்தாள். விரிசல்களுக்குள் பிசினைச் செலுத்தினாள். பீமின் கூர்விளிம்புகளைத் தேய்த்து உருட்டினாள். கூரான இடத்தில் மடிந்தால் இழை அறுந்துபோகும். கடைசியாகத் தூசியை உறிஞ்சி எடுத்துவிட்டு, மறுநாள் துணியோடு வந்தாள்.

பீம் பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் தம்பி மனைவி, கையில் குழாயோடு.

“உங்களுக்கு வேலை மிச்சமாகட்டும்னு நல்லா அலம்பி விட்டுட்டேன் அண்ணி!”

“ஏம்மா, பீமைப் பொண்ணு பார்க்க வர்றாங்களா? ஈரத்துல ஒட்டினா எடை ஏறும்போது துணி உரிஞ்சு தொங்கும்.”

தம்பி மனைவியின் முகம் சுருங்கியது. தம்பி பதறினான். “இன்ஜினியர் வெள்ளிக்கிழமை வர்றாரேக்கா!”

பிசின் அக்கா போனை எடுத்தாள். மறுமுனையில் இன்ஜினியர் சிரித்தார். “காயலைன்னா காயலைதான். காஞ்சதும் சொல்லுங்க, வர்றேன்.”

மின்விசிறிகள் ஓடின. மறுபடி யாரும் பீமை நனைத்துவிடாதபடி, அச்சகத்தின் சாவியை அக்கா தன்னிடமே வைத்துக்கொண்டாள். பீமில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு பக்கமும் நாடா ஒட்டினாள். ஒவ்வொரு காலையும் தாளுக்கு உள்ளே பொடிப்பொடியாக நீர் வியர்த்திருந்தது.

“தொட்டா காஞ்சுதானே இருக்கு?” என்றான் தம்பி.

“தோல்தான்டா காஞ்சிருக்கு. குடிச்சது இன்னும் வயித்துல இருக்கு.”

ஒரு காலையில் தாள் உலர்ந்திருந்தது. அக்கா வேலையில் இறங்கினாள். வாளியில் சூடேறிக் கெட்டியாகிவிடும் என்பதால் பிசினைக் கொஞ்சம் கொஞ்சமாகவே கலந்தாள். துணியைத் தம்பி மனைவி நூல் பிடித்தாற்போல் வெட்டிக் கொடுத்தாள். அக்கா பீமின் அடியில் பிசினைப் பூசி, துணியை விரித்து, இழை ஓடும் திசையிலேயே உருளையை அழுத்தி, உள்ளே மாட்டிய காற்றையெல்லாம் வெளியே துரத்தினாள். பிசின் நன்றாக இறுகியபின் மறுபடி நாணயம். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை டக், டக், டக். எங்கேயும் அமுங்கவில்லை.

இன்ஜினியர் வந்தார். பாதுகாப்புக்கு முட்டுகளைப் பீமில் படாமல் நிறுத்தி, பீம் எவ்வளவு தொய்கிறது என்று காட்டும் அளவுமானியை அடியில் பொருத்தினார். மேலே காகிதக் கட்டுகள் ஏறின. முள் மெல்ல நகர்ந்து, அவர் குறித்திருந்த கோட்டுக்கு வெகு முன்னாலேயே நின்றது. கட்டுகளை இறக்கியதும் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது.

“பிரமாதம்!” என்று அவர் கை நீட்டினார். தம்பி அக்காவைக் கட்டிக்கொண்டான். “விடுடா, சட்டையெல்லாம் பிசின்!”

முட்டுகள் போயின. இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தார்கள். தரை அதிர்ந்தது, பீம் அசையவில்லை.

தம்பி மனைவி தயங்கித் தயங்கி வந்தாள். “அண்ணி, இப்போ தொடைக்கலாமா?”

“இனி தலைக்கே ஊத்திக் குளிப்பாட்டு” என்று சிரித்தபடி, பிசின் அக்கா அச்சகத்தின் சாவியை அவள் கையில் வைத்தாள்.