பிரேக்கில் காற்று எடுத்த நாள்

பிரேக் ஆயிலுக்கு ஒரு வாசம் உண்டு. லேசான தித்திப்பும் மருந்துக் காட்டமும் கலந்த அந்த வாசம் விரலில் பட்டுவிட்டால், சோப்புப் போட்டுக் கழுவினாலும் சோறு தின்கிற வரைக்கும் கூடவே வரும். என் சின்ன வயதில், பசுவந்தனைப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டு முற்றத்தில் மழைக்காலம் முடிந்தால் அந்த வாசம்தான். அப்பாவிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. கரிசல் மண் அதன் சக்கரங்களில் அப்பிக்கொண்டு, பிரேக் டிரம்முக்குப் பின்னால் இருக்கும் சுண்டுவிரல் அளவுத் திருகாணியையும் மூடிவிடும். அதற்கு "நிப்பிள்" என்று பெயர். பிரேக் குழாய்க்குள் புகுந்துவிட்ட காற்றை அதைத் திறந்துதான் வெளியேற்ற வேண்டும். ஈரமண் அங்கேயே காய்ந்தால் நிப்பிள் துருவேறி இறுகிவிடும், வம்பாகத் திருகினால் தலை முறிந்து கையோடு வரும். அதனால் அப்பா மழை விட்டதும் நான்கையும் கழற்றி, ஊசியால் துவாரத்தைக் குத்தித் துடைத்து, ரப்பர் மூடி தொலைந்துபோன நிப்பிளுக்குச் சைக்கிள் டயர் வால்வில் போடும் மெல்லிய ரப்பர்க் குழாயை, "வால்டியூபை"த் துண்டாக நறுக்கி மாட்டுவார். எங்கள் காதை அவர் அவ்வளவு கவனமாகத் துடைத்துவிட்டதாக எனக்கு நினைவில்லை.

காற்று எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க, மற்றவர் கீழே படுத்து நிப்பிளைத் திறப்பார். காற்றும் ஆயிலுமாகத் தேங்காய்ச் சிரட்டையில் கொப்பளித்து விழும். கீழே இருப்பவர் மூடுகிற வரைக்கும் மேலே இருப்பவர் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் போன காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும், செய்த வேலையெல்லாம் வீண். மிதிக்கிற உத்தியோகம் ஒன்பது வயதில் எனக்குத்தான். ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கியபடி மொத்த உடம்பையும் காலில் இறக்குவேன்.

அந்த வருஷம் அப்பாவும் அம்மாவும் இரண்டு மாதமாகப் பேசிக்கொள்ளவில்லை. தம்பியின் காதுகுத்து வீட்டில், சொந்தக்காரர்கள் நிறைந்த பந்தியில், அம்மாவின் அப்பா, எங்கள் தாத்தா, வாய் சும்மா இருக்காமல், "மாப்பிள்ளை கார் வருதுன்னா பின்னாலயே தள்ளுததுக்கு நாலு ஆளும் வரும்" என்று சொல்லிவிட்டார். பந்தியே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள், அதுதான் பெரிய குற்றமாகிப் போனது. இனி மாமனார் வீட்டு வாசப்படியை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு அப்பா இலையிலிருந்து எழுந்தவர்தான். அதன்பிறகு வீட்டில் எல்லாப் பேச்சும் என் வழியாகத்தான் நடந்தது. ஒரே அறையில் மூன்று முழம் தள்ளி இருந்துகொண்டு, "ஏட்டி, அவிய சாப்பிட வாராவளான்னு கேளு" என்பாள் அம்மா. "பெறகு வாரேன்னு சொல்லு" என்பார் அப்பா. எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

அப்படியிருக்கும்போது ஒருநாள் காலையில், விளாத்திகுளம் பக்கத்து எங்கள் தாத்தா ஊரிலிருந்து சைக்கிளில் ஒருவர் வந்து, தாத்தா படுத்த படுக்கையாகிவிட்டார், மகளைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். அடைமழையில் ரோடு களியாகி, எங்கள் ஊருக்குப் பஸ் நின்று நான்கு நாளாகியிருந்தது. சின்ன வண்டியானால் ஓரமாக ஊர்ந்து போகலாம். காரோ பின்சக்கர நிப்பிள் ஆயிலைக் கக்கியபடி முற்றத்தில் நின்றது. அம்மா அழுதாள், ஆனால் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்கவில்லை. அப்பா ஜாக்கியை எடுத்துவந்து சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தார்.

பழைய நிப்பிளுக்கு டீசல் விட்டு ஊறவைத்து, சுத்தியலால் நோகாமல் தட்டித் தட்டித் திருகி எடுத்து, எடுத்துவைத்திருந்த புதியதை மாட்டினார். இனிக் காற்று எடுக்க வேண்டும். எனக்கோ குதிகாலில் வேலிமுள் குத்தி வீங்கியிருந்தது, தரையில் ஊன்ற முடியவில்லை. "ஒங்கம்மாவ ஏறி உக்காரச் சொல்லு" என்றார் அப்பா, அவள் பக்கத்திலேயே நிற்க.

அம்மா சேலையைச் சொருகிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்தடவையாக டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தாள். வேடிக்கை அதற்குப் பிறகுதான். "அமுக்கச் சொல்லு" என்று காருக்கு அடியிலிருந்து அப்பா சொல்ல, "அமுக்கணுமாம்" என்று நான் சொல்ல, "அமுக்கியாச்சுன்னு சொல்லு" என்று அம்மா சொல்ல, அதை நான் குனிந்து கீழே சொல்லி, "அப்படியே பிடிக்கச் சொல்லு" என்பதை வாங்கிக்கொண்டு நிமிர்வதற்குள், அவள் வேலை முடிந்ததென்று காலை எடுத்திருப்பாள். நிப்பிள் காற்றை உறிஞ்சுகிற சத்தம் எனக்கே கேட்டது. நான்கு தடவை இப்படியே ஆனது. இருந்த ஒரே டின்னில் ஆயில் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. அது தீர்ந்தால் கோவில்பட்டிக்குப் போய்த்தான் வாங்க வேண்டும், போக வழியில்லை. தாத்தாவை அம்மா பார்ப்பதும் பார்க்காமல் போவதும் அந்த மிச்ச ஆயிலில் இருந்தது. எனக்கு எதை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதே குழம்பிப் போய் அழ ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது கீழேயிருந்து அப்பா நேராகவே சொன்னார்.

"விட்ராத. நான் மூடுத வரைக்கும் காலை எடுக்காத."

அம்மா, "எடுக்கல, பிடிச்சிட்டுத்தான் இருக்கேன்" என்றாள்.

"இப்ப விடு."

"விட்டாச்சு."

"இன்னொருக்கா."

இப்படி அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். கொப்பளிப்பு அடங்கி, சிரட்டையில் ஆயில் ஒரே சீராக விழுந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை. தூது உத்தியோகம் போனதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மதியத்துக்குள் போய்ச் சேர்ந்தோம். அப்பா வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார், சொன்ன சொல் அப்படி. உள்ளே விஷயம் தெரிந்ததும், தாத்தாவைக் கட்டிலோடு நான்கு பேர் தூக்கிவந்து கார்க் கதவுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். தாத்தா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அதிலிருந்து எட்டாம் நாள் தாத்தா இறந்தார். அந்த எட்டு நாளும் அம்மா அவர் பக்கத்திலேயே இருந்தாள்.

பிறகும் என் பெற்றோர் எத்தனையோ தடவை பேசாமல் இருந்திருக்கிறார்கள். மழை விட்டதும் காரில் காற்று எடுக்கிற நாள் வரும், பேசிவிடுவார்கள். அந்தக் காரை விற்று வெகுகாலமாகிவிட்டது. முற்றத்தில் இப்போது சிமெண்டுத் தளம். அப்பா போய் இது இரண்டாவது மழைக்காலம். அம்மா கோவில்பட்டியில் என்னோடு இருக்கிறாள். அந்தக் காலையை, முள் குத்திய காலோடு அப்படியே திருப்பித் தந்தால் வாங்கிக்கொள்வேன் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

போன வாரம் என் காரின் பிரேக்கைச் சரிபார்க்க அம்மாவோடு பட்டறைக்குப் போயிருந்தேன். காற்று எடுக்க வேண்டும் என்று மெக்கானிக் பையன் சொன்னதும், அம்மா எழுந்து, "நான் வேணா ஏறி அமுக்கட்டுமாய்யா?" என்றாள். அவன் சிரித்துவிட்டு, "வேண்டாம்மா, மெசினே உறிஞ்சி எடுத்திரும். ஒத்த ஆளு போதும்" என்றான்.

அவள் திரும்பி வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் அவன் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேசாம மூஞ்சியத் தூக்கி வச்சிட்டாவது இருந்திருக்கலாம்லா, ஒங்கப்பா" என்றாள்.