நீலப் பக்கம் நிரம்பிவிட்டது

போன வாரம் பொகவந்தலாவை பஸ்ஸில் இந்தப் பத்தியின் வாசகி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "மிஸ், ஞாயித்துக்கெழமையானா ஹட்டன் நெட் கடையில என்னாதான் பண்றீங்க?"

"கேம் விளையாடுறேங்க."

சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

தவமணியும் நானும் தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். ஹட்டனில் ஒரே கம்ப்யூட்டர் வகுப்பில் பாடம் நடத்தினோம். மாணவர்கள் இல்லாத நேரத்தில் இன்டர்நெட்டில் ஒரு போர் கேம் — ஒரே கம்ப்யூட்டரில், அவள் பெயரில். சிவப்பு, நீலம் என்று இரண்டு பக்கம். நாங்கள் நீலம்.

பிறகு அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தோட்டமெல்லாம் தெரிந்த பிறகுதான் என்னிடம் சொன்னாள். ரோஷம்... கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அவள் கொழும்புக்குப் போனாள். அவள் வீட்டாரும் லயத்தைக் காலி செய்துவிட்டுக் கூடவே போய்விட்டார்கள். ஒரு வருடம் பேச்சே இல்லை.

ஒரு நாள் கேமின் வெற்றிப் பட்டியலைப் பார்த்தால் — அவள் பெயர்! இன்னும் விளையாடுகிறாள். நானும் நீலத்தில் சேரப் போனேன். 'நீலப் பக்கம் நிரம்பிவிட்டது. சிவப்பில் மட்டுமே சேரலாம்' என்றது திரை.

ஜெயிக்கிற பக்கம்தானே எல்லோரும் போவார்கள்? நீலத்தில் கூட்டம், சிவப்பில் ஆளில்லை. எதிரியே இல்லாவிட்டால் யாரோடு சண்டை போடுவது? அதனால் கதவைச் சாத்திவிட்டார்கள். வேறு வழியில்லாமல் சிவப்பில் சேர்ந்தேன். எதிர்ப் பக்கத்தாரோடு பேச முடியாது என்பது அங்கே சட்டம். நாம் எழுதுவது அவர்களுக்கு வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும்; வீரனின் பெயரை மட்டும் படிக்கலாம்.

என் வீரனுக்கு எங்கள் தோட்டத்தின் பெயரை வைத்தேன். ஞாயிறு மத்தியானங்களில் அவள் வழக்கமாகக் காவல் நிற்கும் பாலத்துக்குப் போனேன். அவளோடு இருந்த நீலத்தார் மூன்று வாரம் என்னைக் கொன்றார்கள். நாலாவது வாரம் அவள் தனியாக வந்தாள். பெயரைப் படித்திருக்க வேண்டும். வாளை உறையில் போட்டாள். நான் குனிந்து வணங்கினேன். அவளும் வணங்கினாள். அதற்கு மேல் எதுவும் முடியாது. இரண்டு மாதம் அப்படியே போனது...

திடீரென்று ஓர் அறிவிப்பு: நீலத்தில் இருப்பவர்கள் விரும்பினால் சிவப்புக்கு மாறலாம்.

அடுத்த ஞாயிறு பாலத்தில் அவள் இல்லை. எழுந்துவிட்டேன். அப்போது திரையில் ஒரு வரி, கிறுக்கலாக இல்லாமல், ஆங்கில எழுத்தில் தமிழ்:

"என்னாடி, ஒங்க பக்கம் ஆளே இல்ல?"

மறுபடி உட்கார்ந்தேன். "கல்யாணத்துக்கு வராதது தப்புதான்டி" என்று அடித்தேன்.

"அதுக்குத்தான் ரெண்டு மாசமா குனிஞ்சு குனிஞ்சு கும்பிட்டியா?"

நெட் கடை என்றும் பாராமல் சத்தமாகச் சிரித்தேன். கண்ணும் நிறைந்துவிட்டது.

மூன்று ஞாயிறு பேசித் தீர்த்தோம். நாலாவது ஞாயிறு, "பிள்ளை பொறக்கப் போகுது. வந்து பாப்பியா?" என்றாள்.

"இந்தத் தடவ மொத ஆளா வர்றேன்டி."

அதன்பிறகு அவள் வரவில்லை. ஆறு வாரமாகிறது. குழந்தை பிறந்திருக்கும். ஆணா, பெண்ணா? கொழும்பில் எந்தக் கதவைத் தட்டுவது? அத்தனை பேச்சில் முகவரியோ போன் நம்பரோ கேட்கத் தோன்றவே இல்லை.

சிவப்பில் இப்போது நிறையப் பேர் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் சரிசமம் என்கிறது திரை.

எனக்கு மட்டும் ஓர் ஆள் குறைகிறது.