மாற்றுத் துணியோடு வந்த பதில்

வெள்ளிக்கிழமை என் மகள் ஷீபாவுக்கு மஸ்கட் விமானம். சனிக்கிழமையோடு அவள் விசா முடிகிறது. புயலும் வெள்ளிக்கிழமைதான் கரையைக் கடக்கும் என்று டிவியில் சொன்னார்கள். போன நவம்பரில், சென்னை ஓரத்துப் பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து அதைக் கேட்டபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவள் அப்பா இறந்த பிறகு தையல் மெஷினை வைத்துத்தான் அவளை நர்சிங் படிக்க வைத்தேன். இரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த வேலை. சனிக்கிழமைக்குள் போய் இறங்காவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் யாரையும் லேசில் நம்ப மாட்டேன். பால் பாக்கெட்டைக்கூட அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். ஷீபா வெளிநாடு போவதைத் தெருவில் ஒருவரிடமும் சொல்லவில்லை. பெட்டியைக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டுதான் அடுக்கினோம். திருஷ்டியில் நமக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் எதற்கு வம்பு?

ஒரு சேனலில் புயல் சென்னைக்கு, இன்னொன்றில் ஆந்திராவுக்கு. பயமுறுத்தினால்தானே ஜனங்கள் பார்ப்பார்கள் என்று டிவியை அணைத்தேன். டிராவல்ஸ்காரர் திருச்சியிலிருந்து கிளம்பும் விமானத்துக்குப் புது டிக்கெட் போடச் சொன்னார். அவருக்குக் கமிஷன். எங்கள் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் வருடாவருடம் செய்வதுபோல் புயலை ஆந்திராவுக்குத் திருப்பிவிடும்படி ஜெபித்தார்கள். அங்கேயும் சபை இருக்கிறதே, அவர்கள் எங்கே திருப்பச் சொல்வார்கள் என்று எனக்கு அதிலும் சந்தேகம்.

புதன்கிழமை காலை விமானக் கம்பெனி பெயரில் ஒரு மெசேஜ் வந்தது. மோசமான வானிலை, பயணத் தேதியை இலவசமாக மாற்றிக்கொள்ளலாம், இந்த லிங்கைத் தொடுங்கள் என்று. இந்தக் காலத்தில் யார் எதை இலவசமாகத் தருகிறார்கள்? உடனே அழித்தேன்.

"அம்மா, அது நிஜமா இருந்தா?" என்று ஷீபா கத்தினாள்.

"நிஜமா இருந்தா எதுக்குடி லிங்க்கு? தொட்டா உள்ள டிக்கெட்டும் போயிடும்."

அவள் அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். நான் தையல் மெஷின் பக்கத்திலேயே முழங்கால் போட்டேன். புயலை நிறுத்தும் என்று கேட்க வாய் வரவில்லை. "ஆண்டவரே, ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். என்னிடம் பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லாத ஒரே ஒரு ஆளை அனுப்பும்" என்று மட்டும் கேட்டேன்.

சாயங்காலம் கேட் சத்தம். வெளியே கவிதா, பக்கத்து வீட்டில் குடியிருப்பவள். இரண்டு வருடமாக அவளோடு எனக்குப் பேச்சு கிடையாது. மதில்மேல் சாய்ந்த என் முருங்கையில் அவள் கீரை ஒடிக்கிறாள் என்று எனக்குச் சந்தேகம். ஏர்போர்ட்டில் விமானத்துக்குள் ஏறிச் சுத்தம் செய்கிற வேலை அவளுக்கு. என்ன கேட்டு வந்திருக்கிறாளோ என்று கேட்டைத் திறக்காமலே நின்றேன்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. நாளைக்கு மத்தியானம் டூட்டிக்கு மாத்துத் துணியோட வரச் சொல்லிக்கிறாங்க. வெள்ளிக்கிழமை ஒரு ஃப்ளைட்டும் ஏறாது எறங்காதுன்னு சூப்பர்வைசர் சொல்றாரு. மாத்து ஆளும் வர முடியாது, நிக்கிற ஃப்ளைட்ட எல்லாம் நாங்கதான் பாத்துக்கணுமாம். ஞாயித்துக்கிழமைதான் வூட்டுக்கு வருவேன். எங்க வூட்டுக்காரரு லாரில வெளியூர்ல இருக்காரு. பொண்ணுங்க ரெண்டு பேரையும் கொஞ்சம் பாத்துக்கிறீங்களா?"

அதானே பார்த்தேன், காரியத்துக்குத்தான் வந்திருக்கிறாள் என்று முதலில் தோன்றியது. அடுத்த நொடி உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஷீபா பயணம் போவதே இவளுக்குத் தெரியாது. நான்தான் மறைத்து வைத்திருந்தேனே! விமானத்தைப் பற்றி என்னிடம் பொய் சொல்ல இந்த ஒருத்திக்குத்தான் எந்தக் காரணமும் இல்லை. நான் கேட்ட ஆள் என் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

கேட்டைத் திறந்தேன். எல்லாவற்றையும் அவளிடம் சொல்லி அழுதேன்.

"அய்யோ அக்கா, நாளைக்கே அனுப்பிடுங்க" என்றாள்.

லிங்க் எதையும் தொடாமல், டிக்கெட்டில் அச்சாகியிருந்த நம்பருக்கு ஷீபா போன் செய்தாள். இலவசம் என்பது உண்மைதான். வியாழக்கிழமை சாயங்கால விமானத்தில் இடம் இருந்தது. மறுநாள் மத்தியானம் ஷீபாவும் கவிதாவும் ஒரே டாக்சியில் போனார்கள். மகள் மடியில் பாஸ்போர்ட், கவிதா மடியில் மாற்றுத் துணிப் பை.

வெள்ளிக்கிழமை ஏர்போர்ட்டை மூடிவிட்டார்கள். தெருவில் முழங்கால் தண்ணீர். கவிதாவின் பெண்கள் ஷீபாவின் கட்டிலில் படுத்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். "வந்து சேர்ந்துட்டேம்மா, வேலையிலயும் சேர்ந்துட்டேன்" என்று ஷீபா போனில் சொன்னதும் அந்தக் குழந்தைகளைக் கட்டிக்கொண்டு ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை கசங்கிய பையோடு கவிதா வந்தாள். காபி கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"அக்கா, மனசுல வெச்சுக்காதீங்க. அந்த முருங்கைக்கீரைய ஒடிச்சது நான்தான்."

என் சந்தேகம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்காக ஆண்டவர் தேர்ந்தெடுத்த சாட்சி, என் கீரைத் திருடி!

இன்றும் பால் பாக்கெட்டை அமுக்கித்தான் பார்க்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டுக்கு வெளியே யாரையும் நிற்கவைத்துப் பேசுவதில்லை. அன்பானவர்களே, கலங்கி நிற்கும்போது அவரிடம் கேளுங்கள், பதில் கொடுக்கிறவர் அவர். யார் கையில் கொடுத்தனுப்புவார் என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யாதீர்கள். இப்போது வாரத்துக்கு ஒருநாள் நானே கீரையை ஒடித்து மதிலுக்கு அந்தப் பக்கம் நீட்டுகிறேன்.