மேடம் லீவில் இருக்கிறார்

அப்பாவின் மோட்டார் பட்டறையில் மேடம் என்று யாரும் இருந்ததில்லை. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன்தான் இருந்தான். அப்பாவின் கை எந்நேரமும் கிரீஸில் கிடக்கும் என்பதால், பள்ளி விட்டு வந்ததும் போனை எடுப்பது அவன் வேலை. குரல் அப்படியொரு கீச்சுக்குரல். முதல்முறை யாரோ, "மேடம், மாடிக்குத் தண்ணி ஏறலை" என்றபோது திருத்த வாயெடுத்தான். அப்பா கையைக் காட்டி அடக்கிவிட்டார்.

"மேடம் இருந்தா கம்பெனிடா. இல்லேன்னா வெறும் பட்டறை."

கம்பெனி ஓஹோவென்று ஓடியது. மோட்டார் மேல் மோட்டாராக வைத்திருந்த லாட்ஜ்காரம்மா, தன் முட்டிவலி முதல் வீட்டுக்காரரின் குறட்டை வரை மேடத்திடம் கொட்டித் தீர்ப்பார். அவன் "பாத்துக்கோங்கம்மா" என்பான். அதிலேயே அவருக்குப் பாதி வலி போய்விடும்.

பிறகு எல்லாம் ஒன்றாகப் படையெடுத்தது. பேண்ட் கணுக்காலை விட்டு மேலேறியது. நெற்றி முழுக்கப் பரு. மேலுதட்டில் யாரோ பென்சிலால் கிறுக்கியதுபோல ஒரு கோடு. அவன் சட்டையைக் கழற்றினால் அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, எங்கெங்கோ முளைத்திருந்த ரோமத்தைப் பார்த்து, இது நமக்கு மட்டும்தானா என்று திகைத்து நிற்பான். அறிவியல் வாத்தியார் அந்தப் பாடத்தை மட்டும் "வீட்ல படிச்சுக்கோங்க" என்று தாண்டிவிட்டார். வீட்டில் படித்தவர் யாரும் இல்லை.

இதில் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத குடும்பம், குரல் உடைந்ததும் அலறியது. "வணக்கம்" மேடமாக வந்தது. "சொல்லுங்க" லாரி டிரைவராக வந்தது.

"காத்து இழுக்குது" என்றார் அப்பா. காற்று இழுக்கும் மோட்டாருக்கு என்ன செய்வாரோ அதையே செய்தார்: வாய்வழியாகத் தண்ணீர் ஊற்றினார். ஒவ்வொரு போனுக்கும் ஒரு சொம்பு வெந்நீர். பையன் ஒண்ணுக்கு ஓடியதுதான் மிச்சம். ஒருநாள் அப்பாவே குரலை மெலிதாக்கி "வணக்கம்" சொல்லிப் பார்த்தார்.

"முதல்ல அந்தப் பூனையை விரட்டிட்டுப் பேசுங்க" என்று போனை வைத்துவிட்டார் எதிர்முனைக்காரர்.

"மேடம் லீவுன்னு சொல்லித் தொலைங்களேன்" என்றாள் அம்மா. சொன்னார்கள். தொண்டை சரியில்லை என்றும் சேர்த்தார்கள். லாட்ஜ்காரம்மா ஒரே போடாகப் போட்டார்: "மேடம் வராம என் மோட்டார்ல யாரும் கை வைக்கக் கூடாது."

அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் இழுத்துப் பிடிடா" என்றார், ஏதோ குரல் அவன் கைப்பிடியில் இருப்பதுபோல. வீடு மொத்தமும் போன மேடத்துக்காகத் துக்கம் காத்தது. வந்தவனை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

ஒரு மாலை லாட்ஜ்காரம்மா ஒரு பை ஆரஞ்சோடு பட்டறைக்கே வந்து நின்றார். "எங்க என் மேடம்?"

அப்பா வாய்க்கு வந்ததை உளறினார். "கல்யாணமாகி வெளிநாடு போயிட்டாங்கம்மா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமயா?" அந்தம்மாவின் கண் கலங்கிவிட்டது.

அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. "அம்மா, முட்டிவலி இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டான். முன்பாதி மேடம், பின்பாதி லாரி.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "இன்னொரு தடவை சொல்லு."

சொன்னான். கண்ணைத் திறந்தவர் பருவிலிருந்து கணுக்கால்வரை பார்த்தார். அப்பா தரையில் ஸ்பேனரைத் தேடத் தொடங்கினார். அது அவர் கையிலேயே இருந்தது.

"மேடத்துக்கு மீசை வருது போல?"

"வருதும்மா." அதை முதலில் கவனித்தவர் அவர்தான்.

"அடப்பாவி! எங்க வீட்டுக்காரர் குறட்டைய எல்லாம் உங்கிட்டயாடா சொன்னேன்?" பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து, அது ஆட ஆடச் சிரித்தார். பிறகு ஆரஞ்சுப் பையை அவன் கையில் வைத்தார். "தொண்டை சரியில்லாதது நிஜம்தானே? சாப்பிடு. பின்பக்க மோட்டார் உறுமுதே, என்ன பண்ண?"

"காத்து இழுக்குதும்மா." முழுக்க லாரி.

"நாளைக்கு இந்த சாரையும் கூட்டிட்டு வாங்க" என்றார் அப்பாவிடம்.

போன் அடித்தது. அப்பா சொம்பை எடுத்தார். அவன் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு எடுத்தான்.

"வணக்கம், சொல்லுங்க."

"மேடம், பக்கத்துல யாரோ ஆம்பளக் குரல் கேக்குதே?"

"அதுவும் நான்தாங்க" என்றான்.