சகலையின் புது பிராசசர்

என் மாமனாருக்கு இரண்டு மாப்பிள்ளைகள். மூத்தவனான நான் மரக்காணத்தில் டிடிபி கடை வைத்திருந்தேன். இளையவன், அதாவது என் சகலை, அனுமந்தையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தான். அவன் மேல் எனக்குப் பொறாமை. அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவன் எது வாங்கினாலும் மாமனார் நாலு பேரிடம் சொல்லுவார். கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் அந்த வீட்டில் என் பேச்சுதான் கடைசிப் பேச்சு. அந்த ஒன்றை வைத்துத்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

2006இல் அவன் சென்னைக்குப் போய் ஒரு மதர்போர்டும், அப்போதுதான் வந்திருந்த புது பிராசசரும் வாங்கி வந்தான். மாட்டிப் பார்த்தால் ஃபேன் சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டியை பைக்கில் கட்டிக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டான்.

"நீங்க பாத்தா தெரிஞ்சிடும்ண்ணே."

பார்த்ததுமே தெரிந்தது. போர்டைத் தொடக்கி வைக்கிற புரோகிராமான பயாஸ் பழசு, அதற்கு இந்தப் புது பிராசசரைத் தெரியவில்லை. பழைய பிராசசர் ஒன்றை மாட்டி போர்டை ஓடவிட்டு, ஃபிளாப்பியிலிருந்து பயாஸை அப்டேட் செய்து, பிறகு புதியதை மாட்டினால் போதும். பொருந்துகிற பழைய பிராசசர் என் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. அதைக் கழற்றிக் கொடுத்தால் அவன் மிஷின் என்னுடையதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும்.

"ஏம்பா, ஜன்னல் ஓரமா வச்சிருந்தியா? உப்புக் காத்து ஏறிடுச்சு. போர்டு போச்சு" என்றேன்.

கடலோரமான எங்கள் பக்கத்தில் இப்படிச் சொன்னால் யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள். கேட், சைக்கிள், டிவி எல்லாம் அப்படிப் போனவைதான். அவனும் நம்பிப் போனான்.

அடுத்த ஞாயிறு மாமனார் வீட்டில் சாப்பாடு. சகலை சிரித்துக்கொண்டே வந்தான். மாற்றித் தருவார்களா என்று கேட்க, வாங்கிய கடைக்கே போர்டை எடுத்துப் போயிருக்கிறான். அங்கே பயாஸை அப்டேட் செய்து கொடுத்துவிட்டார்கள்.

"போர்டு நல்லாத்தான் இருக்குதுண்ணே. உங்களுக்கு இது தெரியல, அவ்ளோதான். நாளைக்கு உங்க கஸ்டமர் யாராச்சும் கொண்டாந்தா நீங்க முழிக்கக் கூடாதுல்ல? சொல்றேன், கேளுங்க."

அவன் குரலில் குத்தல் கொஞ்சமும் இல்லை. அதுதான் தாங்கவில்லை. எனக்குத் தெரியும் என்றால், நான் சொன்னது பொய் என்றாகிவிடும்.

"பெரிய மாப்ள, நல்லா கேட்டுக்கங்க" என்ற மாமனார், என் மனைவியிடம் பேப்பரும் பேனாவும் கொண்டுவரச் சொன்னார்.

அவன் நிதானமாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். "நடுவுல கரண்டு போனாலும் ஒண்ணும் ஆவாதுண்ணே, திரும்பப் போட்டுக்கலாம்" என்றான். அப்டேட்டின் நடுவில் கரண்டு போனால் போர்டு அத்தோடு செத்தது என்று எனக்குத் தெரியும். மாமனார் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் எழுதிக்கொண்டேன்.